முதுகுக் கோடு மட்டும் போதாது

நோர்வேயின் ஃபியோர்ட் குதிரைகள் ஏறத்தாழ எல்லாமே மங்கல் நிறம். அதற்கு 'டன்' என்று பெயர்.

டன் குதிரையின் உடல் வெளிறியிருக்கும். தலையும் கால்களும் அடர்ந்திருக்கும். பிடரியிலிருந்து வால்வரை முதுகில் ஓர் அடர்ந்த கோடு ஓடும். சிலவற்றின் கால்களில் வரிக்குதிரைக்கு இருப்பதுபோலப் பட்டைகளும், தோளில் குறுக்குக் கோடும் காணலாம்.

ஆனால் கோட்டை மட்டும் பார்த்துக் குட்டி வாங்கிவிடாதீர்கள். டன் அல்லாத குட்டிகளுக்கும் மங்கலான கோடு வருவதுண்டு. குட்டிமயிர் உதிர்ந்ததும் அது பெரும்பாலும் மறைந்துவிடும். கோட்டின் ஓரம் தெளிவாக இருக்கிறதா, உடலும் வெளிறியிருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்தே பாருங்கள். தாதியான எனக்கு இது பழகிய பாடம்: காய்ச்சலை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டோம்.

காரணத்தை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவின் வேலையால், டன் குதிரையின் உடல்மயிரில் நிறமி ஒரு பக்கம் மட்டுமே படிகிறது. மறுபக்கம் நிறமின்றி நிற்கிறது. அதனால்தான் அந்த மங்கல்.

மங்கோலியாவின் பிரெசெவால்ஸ்கி காட்டுக் குதிரையும் டன்தான். மங்கலைச் சாயம் போனதாக நினைக்கிறோம். உண்மையில் அதுதான் பழைய நிறம். நாம் வியக்கும் அடர்நிறமே மரபணு மாறியதால் பின்னால் வந்தது.