செய்யாற்றின் மலைக்காடும் மணலும்

ஜவ்வாது மலையில் உற்பத்தியாகும் செய்யாறு, செங்கம், போளூர் தாலூகாக்களைக் கடந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. மலைக்காட்டின் சருகும் வேரும் மழை ஜலத்தைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குகின்றன. மழை நின்ற பின்பும் ஓடைகளில் ஜலம் ஊறி வருவது இதனாலேயே. சரிவிலுள்ள மரங்களை வெட்டினால், வெள்ளம் விரைந்து பாய்ந்து, அரித்த மண்ணைக் கீழ்நாட்டு ஏரிகளில் கொண்டு தள்ளும். வண்டல் எருவாகுமே என்பர் சிலர். ஏரி தூர்ந்து கொள்ளளவு குறைவதை அவர்கள் எண்ணுவதில்லை.

ஆற்று மணலும் ஒரு ஜலக் களஞ்சியமே. வறண்ட ஆற்றின் மணலில் ஊற்றுக்கால் வெட்டிப் பயிரைக் காப்பது இப்பிரதேசத்தாரின் பழைய வழக்கம். மணலை அள்ளிவிட்டால் நீர்மட்டம் தாழ்ந்து, ஊற்றுக்காலும் கரையோரக் கிணறும் சேர்ந்தே வறளும். கிணற்றின் பேரில் சங்கம் கொடுத்த கடனும் நிலுவையாகும். ஆதலின் கிணற்றுக் கடன் மனு வந்தால், அருகில் மணல் அள்ளப்படுகின்றதா என்பதைப் பஞ்சாயத்தார் நேரில் சென்று பார்த்த பின்பே மஞ்சூர் செய்தல் நலம்.