ஓடி ஓய்ந்த நாய்க்கு ஒரு வீடு

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 29 விநாடிகள் எண்ணிப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரம், அவ்வளவுதான். இங்கிலாந்துப் பந்தயக் களத்தில் ஒரு கிரேஹவுண்ட் நாய் 480 மீட்டர் தூரத்தை ஓடி முடிக்க ஏறத்தாழ இந்த நேரமே பிடிக்கிறது. 480ஐ 29ஆல் வகுத்தால் விநாடிக்குப் பதினாறரை மீட்டர் வரும். அதாவது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கும் வீரரின் சராசரி வேகம்கூட மணிக்கு 37 கிலோமீட்டர்தான்.

இந்த நாய் ஒன்றரை வயதில் பந்தயத்திற்கு வரும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிடும். அதன் ஆயுளோ பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். அப்படியானால் பந்தயம் முடிந்தபின் மீதி ஆயுளை அது எங்கே கழிக்கிறது?

நெடுங்காலம் இதற்குக் கிடைத்த விடை நல்ல விடை அல்ல. ஓடாத நாய்க்குத் தீனி போட யாரும் விரும்பவில்லை. பல நாய்கள் கொல்லப்பட்டன. 2006இல் வட இங்கிலாந்தின் சீகம் என்ற ஊரில், ஒரு தனி மனிதரின் நிலத்தில் ஆயிரக்கணக்கான பந்தய நாய்கள் ஆண்டுக்கணக்கில் கொன்று புதைக்கப்பட்டு வந்த செய்தியை லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. ஓய்வுபெற்ற நாய்களை வீடுகளில் வளர்ப்பு நாய்களாகச் சேர்க்கும் முயற்சி அதற்கு முன்பே, 1970களிலும் 1980களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொடங்கிவிட்டது. இத்தகைய செய்திகள் வெளிவர வெளிவர அது வேகம் பெற்றது.

ஆனால் நாயை வீட்டிற்கு அழைத்து வந்துவிட்டால் போதுமா? வந்தவர்கள் எதிர்பாராத சில சிக்கல்களைச் சந்தித்தார்கள். நாயின் உடலமைப்பே அவற்றுக்குக் காரணம். அதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

கண்ணால் வேட்டையாடும் நாய்

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கிரே’ என்றால் ஆங்கிலத்தில் சாம்பல் நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த நாய்களில் கறுப்பு, செம்பழுப்பு, வரிப்புலி போன்ற கோடுகள் உடையவை என எல்லாம் உண்டு. சாம்பல் நிறம்தான் அரிது! பழைய ஆங்கிலச் சொல் ஒன்று மருவி இப்படி ஆகியிருக்கிறது. நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே மொழியறிஞர் கருத்து.

நம் ஊர்ச் சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ பார்த்தவர்களுக்குக் கிரேஹவுண்டின் உருவம் புதிதாகத் தோன்றாது. நீண்ட மூஞ்சி, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, மெலிந்து நீண்ட கால்கள். இரண்டுமே மோப்பத்தை நம்பாமல், கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். நீண்ட மண்டையோடு உள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைக்கோட்டில் ஒரு பட்டை போல நெருங்கி அமைந்திருப்பதை 2004இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மெக்கிரீவியும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள். இந்தப் பட்டை இருந்தால் தொலைவில் தரையோடு தரையாக ஓடும் சிறு பிராணியும் கண்ணுக்குத் தப்பாது.

இந்தத் துரத்தும் குணத்தைக் காசாக்கியவர் அமெரிக்கரான ஓவன் பாட்ரிக் ஸ்மித். உயிருள்ள முயலுக்குப் பதிலாக, தண்டவாளத்தில் ஓடும் செயற்கை முயலை அமைத்து, 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் அவர் பந்தயக் களம் திறந்தார். 1926இல் அது இங்கிலாந்தின் மாஞ்செஸ்டருக்கு வந்தது. பிறகு சூதாட்டமும் சேர்ந்துகொள்ள, உலகின் பல நாடுகளில் பரவியது.

வளைவில் வேகம் குறையாத விந்தை

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்பும். கிரேஹவுண்ட் இரண்டு முறை பறக்கிறது. கால்களை முன்னும் பின்னுமாக நீட்டி விரிக்கும்போது ஒரு முறை. வயிற்றுக்கடியில் எல்லாக் கால்களையும் சுருக்கிக்கொள்ளும்போது இன்னொரு முறை. வேகத்துக்குப் பேர்போன சீட்டா ஓடுவதும் இப்படியே. முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிர்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. நீங்கள் வேகமாக ஓடிவந்து ஒரு மூலையில் திரும்பும்போது வேகம் தானாகக் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். வளைவில் திரும்பும்போது கால்மேல் விழும் பாரம் கூடுகிறது. அதைத் தாங்க மனிதனின் பாதம் தரையில் சற்று அதிக நேரம் பதிய வேண்டியிருக்கிறது. அதனால் வேகம் குறைகிறது. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் அஷர்வுட், வில்சன் என்ற இருவரும் பந்தய நாய்களைப் படம்பிடித்து அளந்து பார்த்தார்கள். வளைவில் நாயின் பாதம் தரையில் பதியும் நேரம் மாறவே இல்லை! கூடுதல் பாரத்தைக் கால்கள் அப்படியே தாங்கிக்கொண்டன. ஓட்டத்தின் விசை இடுப்புத் தசைகளிலிருந்தும் முதுகுத் தசைகளிலிருந்தும் வருகிறது. கால்கள் பாரம் தாங்கும் தூண்களாக மட்டும் வேலை செய்கின்றன என்று 2005இல் அவர்கள் விளக்கினார்கள். சைக்கிள் ஓட்டுபவரின் எடையை இருக்கை தாங்கிக்கொள்ள, கால்கள் மிதிப்பதை மட்டும் கவனிப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

பாரத்தைத் தாங்குவதற்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா? பந்தயங்கள் இடப்புறமாகவே சுற்றி ஓடப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் வலப் பின்னங்காலின் கணுக்கால் மூட்டு மீண்டும் மீண்டும் நசுக்கப்படுகிறது. அந்த மூட்டிலுள்ள ஒரு சிறிய எலும்பு முறிவது பந்தய நாய்களுக்கே உரிய காயம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஓய்வு பெறும் நாய்களில் ஒரு பகுதி இந்தக் காயத்தோடுதான் வருகின்றன.

மருத்துவரையே ஏமாற்றும் இரத்தம்

தத்து எடுத்தவர்கள் நாயை உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது ஒரு வழக்கமான சோதனை. மற்ற நாய்களில் இது பெரும்பாலும் 37 முதல் 55 வரை இருக்கும். கிரேஹவுண்டில் 50 முதல் 65 வரைகூட இருக்கும். ஆக்ஸிஜனை அதிகமாகச் சுமப்பதற்கான ஏற்பாடு இது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் இதயமும் மற்ற நாய்களுடையதைவிடப் பெரியது. இதை அறியாத மருத்துவர், நாய்க்கு உடலில் நீர் வற்றிவிட்டது என்றோ இதய நோய் என்றோ எண்ணக்கூடும். தைராய்டு ஹார்மோன் அளவிலும் இதே கதைதான்: நல்ல ஆரோக்கியமுள்ள கிரேஹவுண்டிலேயே அது குறைவாக இருக்கும். ‘தைராய்டுக் குறைவு’ என்று முடிவு கட்டி, நோயே இல்லாத நாய்க்கு மாத்திரை கொடுத்தவர்கள் உண்டு.

இவற்றைவிட ஆபத்தானது மயக்க மருந்து. தயோபென்டல் என்ற மருந்தை நரம்பில் செலுத்தினால் மற்ற நாய்கள் சற்று நேரத்தில் விழித்துக்கொள்ளும். ஏன் தெரியுமா? மருந்து முதலில் மூளையை அடைகிறது. பிறகு தசைக்கும் கொழுப்புக்கும் பரவிவிடுகிறது. மூளையில் அளவு குறைந்ததும் நாய் எழுந்துவிடுகிறது. அதன்பின் கல்லீரல் மெதுவாக மருந்தைச் சிதைக்கிறது. கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஒதுங்க இடமில்லாத மருந்து இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. போதாக்குறைக்கு, அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் இந்த இனத்தில் குறைவாகவே சுரக்கிறது. இதற்குக் காரணமான மரபணு மாறுபாட்டையும் பின்னாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே நாய் பல மணி நேரம் எழாமல் கிடக்கும்; சில வேளைகளில் எழாமலே போகும். கிரேஹவுண்டுக்கு இந்த மருந்து ஆகாது என்பது இன்று கால்நடை மருத்துவ மாணவர்களின் பாடமாகிவிட்டது.

இந்த அறிவு எப்படி வளர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். களத்தில் ஓடிய நாய்க்கு முதுமை வரவில்லை, வர விடவில்லை. பத்து வயது கிரேஹவுண்டை ஏராளமாக மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கியதே அவை வீடுகளுக்குப் போன பிறகுதான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லெர்மோ கூட்டோ என்ற மருத்துவர் இந்த ஓர் இனத்துக்காகவே தனி ஆய்வுத் திட்டம் நடத்தினார். இந்த இனத்தை அதிகம் தாக்கும் எலும்புப் புற்றுநோயும் அவரது ஆய்வில் ஒன்று. மற்ற நாய்களுக்கு இரத்த தானம் செய்யக் கிரேஹவுண்ட் மிகவும் ஏற்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றின் இரத்த வகை பிற நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிவப்பணுக்களும் நிறைய. ஓடி ஓய்ந்த நாய் இன்னொரு நாயின் உயிரைக் காப்பாற்றுகிறது!

மாடிப்படி என்றால் என்ன?

இவ்வளவு வேகமான நாய் வீட்டுக்குள் ஓயாமல் ஓடிக் களேபரம் செய்யும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நடப்பது நேர்மாறு. பகலின் பெரும்பகுதி தூக்கம். கால் நான்கையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்குவதும் உண்டு. அதன் தசைகள் சிறிது நேரம் வெடித்தாற்போல வேலை செய்வதற்கென்று அமைந்தவை. நாள் முழுதும் அலைவதற்கு அல்ல. உண்மையில் ஆட்டு மந்தை காக்கும் நாயை வீட்டில் வைத்துச் சமாளிப்பதுதான் கடினம்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பண்ணையில் பிறந்து, களத்தின் கொட்டடியில் வளர்ந்த நாய் அது. அமெரிக்கக் களங்களில் நாளின் பெரும்பகுதியை அவை கூண்டுகளில் கழித்தன; ஒரு நாளைக்குச் சில முறை மட்டும் வெளியே விடப்பட்டன. மாடிப்படியை அது கண்டதில்லை. கண்ணாடிக் கதவைக் கண்டதில்லை. நேராகப் போய் முட்டிக்கொள்ளும். வழவழப்பான தரையில் கால் வைக்கவே நடுங்கும். படி ஏறக் கற்றுக்கொடுக்க, ஒருவர் பின்னால் நின்று ஒவ்வொரு காலாக எடுத்து அடுத்த படியில் வைக்க வேண்டும். பிறந்தது முதல் தன் இனத்தாரோடே இருந்த நாய்க்கு, முதன்முதலாகத் தனியே விடப்படும் பகல் பெரிய அச்சம். ஆகவே முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று பழக்குகிறார்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: தூங்கும் நாயைத் தொடாதே; பெயர் சொல்லி அழைத்து எழுப்பு. கூண்டில் படுத்திருந்தவரை தூக்கத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. திடுக்கிட்டு விழித்தால் கடிக்கவும் கூடும். அது கோபமல்ல, பயம்.

இன்னொரு விதி, கயிறு இல்லாமல் வெளியே விடக்கூடாது. முன்பு போட்ட கணக்கை மறுபடி எடுங்கள். 200 மீட்டர் தள்ளி ஒரு பூனை ஓடுகிறது. விநாடிக்குப் பதினாறரை மீட்டர் என்றால் பன்னிரண்டு விநாடியில் நாய் அங்கே இருக்கும். இடையில் சாலை இருந்தால்? நீங்கள் கூப்பிடும் குரல் அதன் காதில் ஏறாது. சாதாரணக் கழுத்துப் பட்டையும் உதவாது. இந்த நாயின் தலை கழுத்தைவிட ஒடுக்கமானது, பின்னுக்கு இழுத்தால் பட்டை கழன்றுவிடும். இழுத்தால் அளவாக இறுகும் பட்டை ஒன்றைப் போடுகிறார்கள். பூனை உள்ள வீட்டுக்கு அனுப்புமுன் பூனையைக் காட்டிச் சோதிக்கிறார்கள். சில நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; சில ஒருநாளும் மாறா. மாறாதவற்றுக்குப் பூனையில்லாத வீடு தேடப்படுகிறது. குளிர்நாடுகளில் கம்பளிச் சட்டையும் வேண்டும். மெல்லிய தோல், குட்டை மயிர், கொழுப்பும் இல்லை.

அமெரிக்க நாயின் காதை மடித்துப் பார்த்தால் பச்சை குத்திய எண்கள் தெரியும். வலக் காதில் பிறந்த மாதம், பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், ஈற்றில் அது எத்தனையாவது குட்டி என்பதைக் குறிக்கும் எழுத்து. ‘84பி’ என்றால் எட்டாம் மாதம், நான்கில் முடியும் ஆண்டு, இரண்டாவதாகப் பதிவான குட்டி. இடக் காதில் இருப்பது அந்த ஈற்றின் பதிவு எண். அதைக்கொண்டு அது ஓடிய பந்தயங்களையும் அதன் உடன்பிறப்புகளையும் கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஈற்றில் பிறந்த நாய்களை வளர்ப்பவர்கள் இப்படித் தேடி ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் உண்டு.

களங்கள் மூடியபோது

2018 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் நாய்ப் பந்தயத்தை நிறுத்த வாக்களித்தார்கள். 69 சதவீதம் பேர் ஆதரவு. நாட்டிலிருந்த 17 களங்களில் 11 அந்த ஒரு மாநிலத்தில் இருந்தன. நிறுத்துவதற்கு 2020 இறுதி வரை தவணை தரப்பட்டது. அந்த இரண்டாண்டு அவகாசம் நாய்களுக்கு நல்லதாகப் போயிற்று. களங்கள் ஒவ்வொன்றாக மூட மூட, தத்துக் குழுக்கள் நாய்களை வண்டிகளில் ஏற்றி மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுசென்றன.

மக்காவில் நடந்தது வேறு. அங்கிருந்த களம் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் அங்கேயே நின்றன. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சிறிய நகரம், அடுக்குமாடி வீடுகள். அத்தனை நாய்களுக்கு அங்கே இடம் ஏது? அனிமா என்ற பிராணிகள் நலச் சங்கம் அவற்றை ஏற்றுப் பராமரித்து, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் வீடு தேடியது. சிறு சிறு கூட்டங்களாக அவை விமானம் ஏறின.

2022 இறுதியில் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பந்தயமும் நின்றபின், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு களங்களே எஞ்சின. ஒருகாலத்தில் நாய்களுக்கு வீடு கிடைக்காமல் திண்டாடிய அந்த நாட்டில், நாய்க்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் பெருகின. சில தத்துக் குழுக்கள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களை வரவழைக்கத் தொடங்கின. கடல் கடந்து பெரிய பெட்டியில் வந்து இறங்கும் நாய், அன்றிரவு புது வீட்டின் முதல் படிக்கட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. பின்னால் ஒருவர் குனிந்து அதன் முன்னங்காலை எடுத்து முதல் படியில் வைக்கிறார்.