பல் முளைக்குமுன் விழிக்கும் மரபணு

இது 14 நாள் சுண்டெலிக் கருவின் தாடையிலிருந்து சீவிய மெல்லிய திசு. கடைவாய்ப்பல் இன்னும் கெட்டிப்படவில்லை. தொப்பி வடிவில் மடிந்த செல்கள் மட்டுமே. நடுவிலுள்ள ஊதாப் புள்ளியை உற்றுப் பாருங்கள். அதுதான் எனாமல் முடிச்சு.

ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் உண்டு. செயல்படும் மரபணு மட்டுமே தன் ஆர்.என்.ஏ. நகலை எடுக்கும். அந்த நகலில் மட்டும் ஒட்டும் துணுக்கைச் சேர்த்தால், அது ஒட்டிய இடம் நிறமேறும். இங்கே நிறமேறியது எஃப்.ஜி.எஃப்.4 என்னும் மரபணுவின் நகல். வியப்பு என்னவென்றால், முடிச்சின் செல்கள் தாம் பெருகாமல், இந்த மரபணுவின் மூலம் அண்டைச் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் இர்மா தெஸ்லெஃப் குழுவினர் 1990களில் இதை விளக்கினர்.

இன்னொரு மரபணுவான எம்.எஸ்.எக்ஸ்.1 இல்லாத எலியின் பல் மொட்டு நிலையிலேயே நின்றுவிடும். மனிதரில் அதே மரபணு பழுதானால் சில நிரந்தரப் பற்கள் முளைப்பதே இல்லை.