சிறு தோட்டாவும் செம்புள்ளியும்

பயிற்சி என்பது ஒன்றையே பலமுறை செய்தல். அவ்வாறு செய்வதற்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, செய்யும்போது அச்சம் தோன்றாமை. மற்றொன்று, செய்யும் செலவு கையைக் கடியாமை. முற்காலத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகளை முதலில் மணலில் எழுதச் செய்ததும், பின்னர்ச் சிலேட்டைக் கையில் கொடுத்ததும் இவை கருதியே. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் மணலுக்கும் சிலேட்டுக்கும் ஒப்பாக நிற்பது .22 அங்குலச் சிறு தோட்டா ஆகும். அதனைச் சுடும் கைத்துப்பாக்கியையும், அதன்மேல் பொருத்தும் செம்புள்ளி நோக்கியையும் அளவான வருவாயுடைய ஒருவர் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

இக்கருவிகள் கடைவீதியில் பெருவழக்காக விற்கப்படும் நாடு அமெரிக்கா. ஆதலின் அந்நாட்டு நிலையை வைத்தே விளக்குவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம். இங்கு இவ்விளையாட்டைப் பயில விழைவோர்க்குச் சட்டம் ஏற்ற குறிசுடும் கழகங்களே வழி.

விளிம்பில் வெடிப்பது

பெரிய தோட்டாக்களில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் தூண்டுமருந்து அடிப்பகுதியின் நடுவே ஒரு சிறு கிண்ணத்துள் இருக்கும். சிறு தோட்டாவில் அது பித்தளைக் கூட்டின் மடிந்த விளிம்புக்குள்ளேயே பரவிக் கிடக்கும். துப்பாக்கியின் முள் அவ்விளிம்பை நசுக்கியவுடன் தீப்பற்றும். ஆங்கிலர் 'ரிம்பயர்' என வழங்கும் இதனை நாம் விளிம்புவெடித் தோட்டா என்னலாம். 1845இல் பாரிசில் பிளோபேர் என்பார் இம்முறைக்கு வித்திட்டார். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் .22 சுழல்துப்பாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' என்னும் வகை 1887இல் தோன்றியது.

முள் நசுக்கவேண்டுமாயின் விளிம்பு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய விளிம்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே இத்தோட்டாவின் ஆற்றல் இயல்பாகவே சிறிது. இதன் குண்டு பெரும்பாலும் 2.6 கிராம், 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் குண்டோ 7.5 கிராம் அளவு உடையது. பின்னுதைப்பு குறைவாதலின் புதியவர் அஞ்சிக் கண்ணை மூடுவதும், விசையை வெடுக்கென்று இழுப்பதும் குறையும். விலையும் பெரிய தோட்டாவின் விலையிற் பாதிக்கும் குறைவு.

ஒரு குறையும் உண்டு. தூண்டுமருந்து விளிம்பில் ஒரு சீராகப் பரவாவிடில் தோட்டா வெடியாது போகலாம். அப்போது துப்பாக்கியைத் திருப்பாது, இலக்கை நோக்கியே பிடித்து, முப்பது எண்ணிய பின்னரே தோட்டாவை அகற்றவேண்டும்.

செம்புள்ளியின் இயல்பு

பழைய முறையில் குறிபார்ப்பவர் பின்பள்ளம், முன்முளை, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரு நேர்க்கோட்டில் நிறுத்தவேண்டும். மூன்றும் வெவ்வேறு தொலைவில் உள்ளவை. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். நாற்பதைக் கடந்தவர்க்கு இஃது இன்னும் கடினம் என்பதை மூக்குக்கண்ணாடி அணிந்து ஏடு திருத்தும் ஆசிரியர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

செம்புள்ளி நோக்கியில் ஒரு சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியிற் பட்டு, இணைகதிர்களாகத் திரும்பிக் கண்ணை அடைகின்றது. அதனால் புள்ளி தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். இலக்கை மட்டும் நோக்கினாற் போதும். புள்ளி அதன்மேல் வந்து நிற்கும். அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஓவர்ட் கிரப் 1900இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுவீடன் நாட்டு எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் மின்விளக்குடன் கூடிய கருவியை வெளியிட்டது. இது லேசர் போன்று இலக்கின்மேல் ஒளியைப் பாய்ச்சுவதன்று. பார்ப்பவர் கண்ணுக்கே புலனாவது.

கை நடுங்கினால் புள்ளியும் நடுங்கும். விசையைத் தவறாக இழுத்தால் புள்ளி துள்ளும். ஆசிரியரின் சிவப்பு மைபோலப் பிழையை உடனுக்குடன் காட்டுவதே இக்கருவியின் பெருநலம்.

புள்ளியின் அளவு கோண நிமிடத்தாற் குறிக்கப்படும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறே ஒரு நிமிடம். 25 மீட்டர்த் தொலைவில் அது 7 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். 3 நிமிடப் புள்ளி அங்கு ஏறத்தாழ 22 மில்லிமீட்டரையும், 6 நிமிடப் புள்ளி 44 மில்லிமீட்டரையும் மறைக்கும். நுட்பம் நாடுவார்க்குச் சிறியதும், விரைவு நாடுவார்க்குப் பெரியதும் ஏற்றவை. புள்ளி சிதறித் தோன்றினால் கைப்பேசியால் அதனைப் படமெடுத்துப் பார்க்கலாம். படத்தில் வட்டமாக இருப்பின் குறை கருவியில் இல்லை, கண்ணில் என்பது தெளிவு.

தேர்வு முறை

விலை மிகாதனவற்றுள் பலரும் நாடுவன நான்கு: ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, டாரஸ் டி.எக்ஸ். 22. ரூகர் நிறுவனம் 1949இல் 37 டாலர் 50 காசுக்கு விற்ற முதற் கைத்துப்பாக்கியே மார்க் வரிசைக்கு மூலம்.

முதல் மூன்றிலும் நோக்கியைத் தாங்கும் பகுதி அசையாது நிற்கும். டாரஸில் மேற்கூடு முழுவதும் பின்னோக்கி நகர்வதால், நோக்கி பொருத்தும் அமைப்புடைய பதிப்பா என்பதை உசாவி அறிதல் வேண்டும். தாங்குசட்டம் விலையில் அடங்குமா என்று கேட்டறிக. விக்டரியில் அது பெட்டியிலேயே வருவது. துப்புரவு செய்யப் பிரித்துக் கோத்தல் எளிதா என்பதையும் காண்க. பழைய மார்க் 3 இதில் தொல்லை தருவது, 2016இல் வந்த மார்க் 4 ஒரு பொத்தானை அழுத்தியதும் பிரிவது. ஆயினும் 2017 சூன் முதல் நாளுக்கு முன் செய்யப்பட்ட மார்க் 4 துப்பாக்கிகளைக் காப்புவிசைக் குறை பற்றி நிறுவனமே திரும்பப் பெற்றுத் திருத்தித் தந்தது. பழையது வாங்குவோர் அது திருத்தம் பெற்றதா எனத் தேர்ந்து கொள்க.

நோக்கிக்காகப் பெரும்பணம் செலவிட வேண்டுவதில்லை. பின்னுதைப்பு சிறிதாதலின் இடைப்பட்ட விலையுள்ளதே தாங்கும். போட்டியை நாடுவோர் அதன் விதியை முன்னரே அறிதல் நன்று. ஒலிம்பிக்கில் 25 மீட்டர்ப் போட்டிகள் .22 தோட்டாவுக்குரியவை, எனினும் செம்புள்ளிக்கு ஆங்கு இடமில்லை. அமெரிக்காவின் 'ஸ்டீல் சேலஞ்ச்' போட்டியிலோ அதற்கெனத் தனிப்பிரிவே உண்டு.

காப்பும் விலையுள் அடங்கும்

சிறு தோட்டா என்றதும் தீங்கில்லாதது என்று எண்ணுதல் பெரும்பிழை. 1968இல் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்ததும், 1981இல் குடியரசுத் தலைவர் ரீகனின் நெஞ்சைத் துளைத்ததும் .22 தோட்டாக்களே. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே கருதுக. சுடக்கூடாததன் பக்கம் அதன் வாயைத் திருப்பற்க. குறிவைக்கும் வரை விசையில் விரலை வையற்க. இலக்கையும் இலக்குக்கு அப்பால் உள்ளதையும் அறிந்தே சுடுக. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிக. ஈயம் நஞ்சாதலின் சுட்டபின் கைகழுவாது உண்ணற்க.

ஆகவே விலை கணக்கிடுவோர் துப்பாக்கியின் விலையோடு நோக்கி, தாங்குசட்டம், காதுக்காப்பு, தோட்டா, இரும்புப் பெட்டி, பூட்டு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். தோட்டாவுக்குப் பணம் எஞ்சாவிடில் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லையேல் வாங்கியது வீண். பூட்டை மட்டும் பிறகு வாங்கலாம் என்று ஒதுக்குதல் ஆகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுக்குப் பணம் இல்லையெனில், துப்பாக்கிக்கும் பணம் இல்லை என்றே கொள்ளவேண்டும்.