கம்பெனி கேட்டுக்குள் அரசியல் சட்டம்

சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது. சங்கத்தைப் பதிவு செய்யும் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 ஜூலையில் கொடுத்த விண்ணப்பம், பதிவு பெற்ற சங்கமாக மாற 2025 ஜனவரி 27 வரை ஆனது. நடுவே செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பதிவு நடந்தது.

விண்ணப்பத்தில் ஏழு பேராவது கையெழுத்திட்டிருக்கிறார்களா, ஆலைத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ உறுப்பினராக இருக்கிறார்களா, விதிகள் ஒழுங்காக உள்ளனவா என்று பார்ப்பதுதான் பதிவாளரின் வேலை. முதலாளிக்குச் சம்மதமா என்று கேட்பது அந்த வேலையில் சேராது. ஆறு மாதத் தாமதத்தை வெறும் அலுவலகச் சுணக்கம் என்று நான் நினைக்கவில்லை. உரிமை யாருக்கு, யாரை எதிர்த்து என்ற பழைய கேள்வி அதில் இருக்கிறது.

அந்தக் கேள்வி சென்னையிலேயே ஒருமுறை வெட்ட வெளிச்சமாக எழுந்தது. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1920-ல் மில் நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. முதலாளியும் தொழிலாளியும் சுதந்திரமான இரண்டு தனிமனிதர்கள். அவர்கள் செய்த ஒப்பந்தத்தை மீறும்படி மூன்றாமவர் தூண்டுவது தவறு என்பது அன்றைய சட்டத்தின் நியாயம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வேலை போனால் மறுநாள் அடுப்பெரியாது என்ற நிலையில் இருப்பவரையும் ஆயிரம் தறிகளின் சொந்தக்காரரையும் சமமான இரண்டு பேர் என்று அது கணக்கில் வைத்தது. அந்த வழக்கு கிளப்பிய அதிர்ச்சியிலிருந்துதான் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சங்கம் நடத்தியதற்காகச் சதி வழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ போடுவதற்கு அது அணை கட்டியது.

அம்பேத்கர் இதை இன்னும் ஆழமாகப் பார்த்தார். 1947-ல் எழுதிய 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' நூலில், வேலைக்காக ஏங்குபவர் அந்த வேலையைப் பெறத் தன் அடிப்படை உரிமைகளையே விட்டுக்கொடுக்கத் தயாராகிவிடுவார் என்று வாதிட்டார். அரசு ஒதுங்கிக்கொண்டால் மிஞ்சுவது சுதந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மிஞ்சுவது தனியார் முதலாளியின் ஆதிக்கம் என்பது அவர் கருத்து. வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1943-ல் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். அதன் தொடர்ச்சியாக 1947-ல் நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. பதிவு பெற்ற சங்கத்தோடும் பேச மறுக்கலாம் என்ற நிலை பல பத்தாண்டு நீடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி ஒரகடம் தொழிற்பேட்டையில் அன்றாடம் எழும் விஷயம். பெருந்துறை, விழுப்புரம், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வந்து காண்ட்ராக்டிலோ ட்ரெயினியாகவோ லைனில் நிற்கும் இளைஞர்களில் பலருக்கு, தமிழ்நாட்டில் 1981-லிருந்து நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இருப்பது தெரியாது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அனுமதித்த விடுப்பு, நோய், விபத்து ஆகியவற்றால் வந்த இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது. 470-ஆம் நாளில் ஒருவரை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து வேறு பெயரில் எடுப்பது நியாயமா? தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் ஒரு சோதனை சொன்னார்: சமூகத்தில் தான் எந்த இடத்தில் பிறப்போம் என்று தெரியாதவர் எந்த விதியை ஏற்பாரோ அதுவே நியாயமான விதி. நாளைக்கு ஹெச்.ஆர். மேனேஜராவோமா, பேட்ஜ் பறிக்கப்படும் ட்ரெயினியாவோமா என்று தெரியாத யாரும் அந்த 470-ஆம் நாள் தந்திரத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டவரைச் சட்டம் தொழிலாளியாகக் கருதாது. ஆகவே கையிலிருக்கும் தாள் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பேச வழியில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நம்பத்தகுந்த பதிலை யாரிடமும் கேட்க முடியாத அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் பெண்களுக்குத் தக்க இடம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் ஆலையில் அதன் உறுப்பினர் யார் என்று கேளுங்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழுவைப் பற்றியும் அப்படியே கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், 51 சதவீத ஆதரவு உள்ளதைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்பது வரவேற்க வேண்டியது. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் தருவதும் கட்டாயம். மறுபக்கம், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. முன்னறிவிப்பு கொடுத்ததும் சமரசம் தொடங்கிவிட்டால் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய எப்போது வாய்ப்புக் கிடைக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. கோபத்தில் வெளிநடப்புச் செய்வதற்கு முன் இதை மனதில் வையுங்கள்; அபராதமும் சிறையும் தனித்தனி ஆளின் மேல்தான் விழும்.

வேலையை விட்டு நிறுத்தினால் தனியாளாகவே சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 45 நாளில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே மனுச் செய்ய, முன்பு மூன்று ஆண்டாக இருந்த கெடு இப்போது இரண்டு ஆண்டு. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால், அதைக் கொடுக்கும் பொறுப்பு உங்களை வேலை வாங்கிய கம்பெனிக்கு உண்டு. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளி எவரும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அப்படியே. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

பே ஸ்லிப், பி.எஃப். எண், அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். அறைக்குள் கூப்பிட்டு ராஜினாமா கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கே நடந்ததை எழுதி, டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் நிர்வாகத்துக்கும் சமரச அலுவலருக்கும் அனுப்புங்கள்.