ஞாயிறு 1.20 இரண்டு முறை வரும்

வரும் ஞாயிறு, நவம்பர் 1 அன்று, கோடை நேரம் முடிவதால் நியூயார்க்கில் அதிகாலை 2 மணி மறுபடி 1 மணி ஆகிறது. நமக்கு அப்போது காலை 11.30. அமெரிக்க வங்கிகளின் மெயின்பிரேமைச் சென்னையிலிருந்து கவனித்துக்கொள்ளும் வாசகர்கள் பலரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: அந்த ஒரு மணி நேரம் சிஸ்டத்தை நிறுத்த வேண்டுமா?

 

ஐபிஎம் மெயின்பிரேமின் கடிகாரம் 64 பிட் எண். 1900 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு ஏறிக்கொண்டே போகும். முறையாக அமைத்த இடத்தில் அது கிரீன்விச் நேரத்தில் ஓடும், யாரும் அதைத் தொட மாட்டார்கள். நியூயார்க் நேரம் வேண்டுமென்றால் கோடையில் நான்கு மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் கழித்துக்கொள்வார்கள். ஞாயிறன்று அந்த நான்கு ஐந்தாகிறது, அவ்வளவே; சிஸ்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

தொடாமல் விடுவதற்குக் காரணம் டேட்டாபேஸ் லாக். சிஸ்டம் விழுந்தால், லாகில் உள்ள பதிவுகளை நடந்த வரிசையிலேயே மறுபடி ஓட்டித்தான் கணக்குகளை மீட்பார்கள். கடிகாரம் பின்னால் போனால், 1.40க்குப் போட்ட பணத்தை எடுத்த பதிவு 1.20 என்று வந்து நிற்கும். அதனால்தான் கடிகாரத்தையே உள்ளூர் நேரத்தில் வைத்திருந்தவர்கள் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திக் காத்திருந்தார்கள். லாகில் உள்ளூர் நேரத்தை எழுதிவந்த பழைய ஐஎம்எஸ் டேட்டாபேஸுக்கும் இதே கதிதான்.

"எல்லாம் தானாக மாறிவிடும்" என்று வரும் சுற்றறிக்கைகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. அந்த உறுதி இயங்குதளத்துக்கு மட்டுமே பொருந்தும். உள்ளூர் நேரத்தை வாங்கி அதையே ரெக்கார்டின் கீயாக வைக்கும் கோபோல் புரோகிராம் இருந்தால், ஞாயிறன்று 1.20 இரண்டு முறை வரும். எது முதலில் நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஜாப்களை அந்த ஒரு மணி நேரம் ஹோல்டில் போடுவதே நேர்மையான வழி.

பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ்? உள்ளூர் நேரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். தானாகத் திருத்திக்கொள்ள அமைக்கவில்லையென்றால் ரீசெட் கட்டளை கொடுங்கள்.

மார்ச்சில் கோடை நேரம் தொடங்கும் நாளில்? அன்று 2.30 என்ற நேரமே கிடையாது. அந்த நேரத்துக்குப் போட்ட ஜாப் என்னவாகும் என்று ஷெட்யூலரில் முன்பே பாருங்கள்.

ஐபிஎல், அதாவது சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது, வேண்டுமா? வேண்டாம். ஆனால் ஆபரேட்டர் கையால் மாற்றும் இடங்களில் சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிபையும் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த ஐபிஎல்லில் பழைய நான்கு மணி நேரமே திரும்பிவிடும்.