டைவ் கம்ப்யூட்டரும் கடைமடைக் கணக்கும்

பூம்புகார், தரங்கம்பாடி கடற்பகுதியில் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஒரு அமைப்பு கிடக்கிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 1991ல் ஒலியலைக் கருவியால் கண்டுபிடித்து, 1993ல் ஆட்களை இறக்கிப் பார்த்தது. மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதை விடுங்க. அந்த ஆழத்துக்குப் போனவர் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படித் திரும்பி ஏறணும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 23 மீட்டரில் மொத்தம் 3.3 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், குமிழி கிளம்பிவிடும். மூட்டுவலி, மரத்துப்போதல், கைகால் விழுந்துபோதல், சிலசமயம் உயிரே போகும்.

1908ல் ஜான் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து இதற்கு ஒரு கணக்குப் போட்டார். உடம்பை ஒரே பாத்திரமாகப் பார்க்காதே, வெவ்வேறு வேகத்தில் நிரம்பும் ஐந்து பகுதிகளாகப் பார் என்றார். நம்ம டெல்டாக்காரருக்கு இது சுலபம். மடை அகலமாக இருக்கும் வயல் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் வடியும். குறுகின மடை உள்ள வயலில் இரண்டுமே மெதுவு. ஒரு வித்தியாசம்: இங்கே மேல்வயல் நிரம்பித்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் என்ற முறை கிடையாது. எல்லா வயலுக்கும் வாய்க்காலிலிருந்து நேர் மடை.

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது சுவிட்சர்லாந்தின் பூல்மான் உருவாக்கிய 16 பகுதிக் கணக்கு. சென்சார் ஆழத்தைச் சொல்லும், கடிகாரம் நேரத்தைச் சொல்லும். மற்றதெல்லாம் சூத்திரம். 23 மீட்டரில் 30 நிமிடம் இருந்தால், 5 நிமிட அரைக்காலம் கொண்ட பகுதி 98 சதவீதம் நிரம்பிவிடும். 38 நிமிடப் பகுதி 42 சதவீதம். 635 நிமிடக் கடைமடைக்கு 3 சதவீதம்தான்.

பழைய அமெரிக்கக் கடற்படை அட்டவணையில் 80 அடிக்கு (24 மீட்டர்) 40 நிமிடம் வரை இருந்துவிட்டு நிற்காமல் ஏறலாம். 50 நிமிடம் ஆகிவிட்டால் 10 அடியில் 10 நிமிடம் நிற்கணும். இதுதான் டிகம்ப்ரஷன் ஸ்டாப். முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக அட்டவணை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் நீங்கள் ஏறி இறங்கியதைச் சில வினாடிக்கொருமுறை பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும்.

திரையில் மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலாவது, நிற்காமல் ஏற இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்பது. அது பூஜ்யமாகும் முன்பே கிளம்பிவிடுங்கள். இரண்டாவது, ஏறும் வேகம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது, கடன் ஏறிவிட்டால் வரும் 'கூரை' ஆழம். சொன்ன நிமிடங்கள் முடியும்வரை அதற்கு மேலே வரக்கூடாது. கடனே இல்லாவிட்டாலும் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது நல்ல பழக்கம்.

அந்த 16 வயல்களும் கற்பனை என்பதை மறக்கக்கூடாது. உங்கள் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் என்று கருவி அளப்பதே இல்லை. தண்ணீர் குடிக்காதது, குளிர், கடும் உழைப்பு எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் எச்சரிக்கை அளவைக் கூட்டி வையுங்கள், எல்லையை ஒட்டிப் போகாதீர்கள். காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர் என்று ஒரே கருவியை மாற்றிக் கட்டவே கூடாது. முதல் டைவின் மிச்சம் முதல் ஆளின் உடம்பில்தானே இருக்கிறது! மறுநாள் திருச்சியில் விமானம் ஏறுகிறவர் ஒரு டைவுக்குப்பின் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்கணும். டிகம்ப்ரஷன் ஸ்டாப் போட்டிருந்தால் அதற்கும் மேல்.

எல்லாம் சரியாகச் செய்தும் மூட்டுவலியோ மரத்துப்போதலோ வந்தால், 'கம்ப்யூட்டர் ஓகே காட்டுச்சே' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வலியைக் குறைக்க மறுபடி கடலில் இறங்கவும் வேண்டாம். உடனே சுத்தமான ஆக்சிஜன், உடனே மருத்துவமனை. அழுத்த அறைச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.